பாதை முடியும் இடத்தில் ஒரு தட்டுச் சோறு

அந்தப் பறவையின் கண் மஞ்சள் நிறம். உடம்பு முழுக்கக் கறுப்பு, தடித்த நீண்ட அலகு, கண் மட்டும் எலுமிச்சை மஞ்சள். என் சில்வர் தட்டின் விளிம்பில் ஏறி நின்று முதலில் வடையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு வடையைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது.

தஸ்மானியாவின் தென்கோடி. அவுஸ்திரேலியாவில் இதற்கு மேல் தெற்கே கார் போக முடியாது. தார் ரோட்டு முடிந்து, கிரவல் ரோட்டும் முடிந்து, ஒரு சிறு குடாவும் வெள்ளை மணலும் காடும்தான் மிச்சம். அங்கிருந்து மேற்கே நடக்கத் தொடங்கினால் நாள்கணக்கில் ஒரு வீடு கண்ணில் படாது என்றார்கள். கோடைகாலம் என்றும் சொன்னார்கள். நான் இரண்டு சுவெற்றர் போட்டிருந்தேன்.

அன்றைக்கு என் கணவரின் திவசம். அவர் போய் ஆறு வருடம். எங்கே இருந்தாலும் அந்தத் திதியில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் நான் வாயில் எதையும் போடுவதில்லை. விடியவே எழும்பி, தங்கியிருந்த வீட்டின் குசினியில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாம் சமைத்து எடுத்து வந்திருந்தேன். வடை மட்டும் மெல்பேர்ணில் சுட்டு ஐஸ் பெட்டியில் வந்தது.

"இது காக்கா இல்லீங்களே அக்கா," என்றாள் ஹேமா. கோயம்புத்தூர்க்காரி, எங்கள் மூத்தோர் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"கறுப்புத்தானே, காணும்," என்றார் சங்கத் தலைவர். "செத்தவைக்கு இடம் வலம் தெரியும். இஞ்சை என்ன நிக்குதோ அதிலை வருவினம்."

அந்தப் பறவைக்குக் கரவொங் என்று பெயர். முந்தின நாள்தான் அது தலைவரின் பையை, ஸிப்பை அலகால் இழுத்துத் திறந்து, அவருடைய பிஸ்கற் பெட்டியைக் கொண்டு போயிருந்தது. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தும் பிதிர் என்ற பட்டத்தை அதற்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குள் புதருக்குள்ளிருந்து ஒரு பெடிமெலன் வந்தது. முயலை விடக் கொஞ்சம் பெரிய, குண்டான குட்டிக் கங்காரு. முன்னங்கைகளால் பூசணித் துண்டை எடுத்து நிதானமாகத் தின்றது. என் கணவருக்கும் பூசணிக்காய் என்றால் உயிர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

"யார் இதை இங்கே வைத்தது?"

பின்னால் இருந்து ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். பச்சைச் சீருடை, அகலத் தொப்பி. வனக் காவலர்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை ஊரில் உள்ள எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டேன். இந்தக் கிழமை என்னையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமைக் குரல்

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இரத்த மாதிரிக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு தமிழ்ச் சமூக வானொலியில் சனிக்கிழமைக் காலைகளில் பயணச் செய்தி வாசிக்கிறேன். எந்தக் காட்டில் தீ, எந்த ரோட்டு பூட்டு, அலை பெரிது என்று எந்தக் கப்பல் தாமதம், எந்த மலையில் பனி. சம்பளம் இல்லை. ஒரு தேத்தண்ணி தருவார்கள், அதுவும் ஆறியிருக்கும்.

எங்கள் ஆட்களின் பயணம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குக் காரில் போவார்கள். ஹெலன்ஸ்பர்க்கில் பெருமாளைக் கும்பிடுவார்கள். அடுத்த நாள் மேய்ஸ் ஹில்லில் முருகனைக் கும்பிடுவார்கள். கோயிலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். இடையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெற்றோல் ஸ்டேசன் என்பார்கள். எழுநூறு வகைப் பறவை உள்ள நாட்டில் இருந்துகொண்டு இப்படியும் ஒரு சனம் வாழுமா என்று வானொலியிலேயே ஒருமுறை கேட்டேன். பறவை எழுநூறு என்பது அந்த நேரத்தில் வாயில் வந்த கணக்கு. யாரும் திருத்தவில்லை, அதுவும் எனக்குக் கோபம்.

அந்த ஏச்சுக்குப் பிறகுதான் மூத்தோர் சங்கம் ரோசம் வந்து தஸ்மானியாப் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தது. ஆகவே மூலகாரணம் நானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கானுயிர்களுக்கு உணவு கொடுக்க வேண்டாம், மீறினால் அபராதம்" என்ற அறிவித்தலை என் இந்த வாயால் எத்தனையோ சனிக்கிழமை வாசித்திருக்கிறேன். வாசித்த நானே சோறு வைத்தேன். நினைவு வரவில்லையா என்று கேட்பீர்கள். சத்தியமாக வரவில்லை.

உணவு கொடுப்பது என்றால் கங்காருவுக்குச் சிப்ஸ் எறிவது. இது படையல். என் கணவருக்குக் கொடுத்தது. எங்கள் வான் வண்டியில் வந்த ஒன்பது பேரில் ஒருவருக்குக் கூட இந்த இரண்டும் ஒன்றென்று தோன்றவில்லை. பெடிமெலனுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.

கறிவேப்பிலை

தஸ்மானியாவுக்குக் கப்பலில் போய் இறங்கினால் நாயை வைத்து மோப்பம் பிடிப்பார்கள். மரக்கறி, பழம் ஒன்றும் கொண்டு போகக் கூடாது. அந்தத் தீவுக்கு வெளி நோய் எதுவும் வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் கவனம். இதையும் நான் வானொலியில் வாசித்திருக்கிறேன்.

நாய் வந்தது. எல்லாப் பைகளையும் தாண்டி நேரே தலைவரின் பைக்கு முன்னால் போய்க் குந்தியது. உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையில் கறிவேப்பிலை. அவருடைய சொந்த மரத்தில் ஆய்ந்தது. மெல்பேர்ண் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதை விடக் கஷ்டம், அதனால் அவர் போகும் இடமெல்லாம் அதைக் கொண்டு போவார்.

அதிகாரி யாருடைய பை என்று கேட்டார். தலைவர் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கள் டிரைவர் கட்டி வைத்தது," என்றார்.

அதிகாரி ஒன்றும் எழுதவில்லை. கறிவேப்பிலையைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போய்விட்டார். வானுக்குள் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். டிரைவரும் லேசாகச் சிரித்ததாகத்தான் எனக்கு நினைவு.

பெயர் எழுதாத ஒருவன்

அந்த டிரைவரின் பெயரை எழுத மாட்டேன். தம்பி என்றே கூப்பிட்டேன், இங்கேயும் தம்பிதான். நாற்பது வயது தாண்டியவன். வயோதிபர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. லீவு எடுத்துக்கொண்டு எங்களுக்காக வான் ஓட்ட வந்திருந்தான்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது அவன் அகதியாய் வள்ளத்தில் கடல் கடந்து வந்து. இன்னும் தற்காலிக விசா. நாட்டை விட்டு வெளியே போக முடியாது, போனால் திரும்ப வர முடியாது. தகப்பன் செத்ததற்கும் போகவில்லை. மனைவியும் ஒரு மகளும் வவுனியாவில். மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டு வந்தவன். இப்போது அந்தப் பிள்ளை தாயை விட உயரம் என்று போனில் படம் காட்டினான்.

வழியில் எக்கிட்னா என்ற சிறு விலங்கு ஒன்று தெருவைக் கடந்தது. முள்ளுப் பந்து ஒன்று உருண்டு போவதுபோல் இருந்தது. தம்பி வானை நிறுத்தி, பின்னால் வந்த லொறியையும் கையைக் காட்டி நிறுத்தி, அது புல்லுக்குள் நுழையும்வரை தெருவில் இறங்கி நின்றான். "மெல்லப் போகட்டும், அதுக்கென்ன அவசரம்," என்றான். அவனிடம் இருந்த பொறுமை எனக்குப் பிடிபடவே இல்லை. எனக்கு ரெயில் இரண்டு நிமிடம் பிந்தினாலே இரத்தம் கொதிக்கும்.

திவசத்து அன்று குடாவின் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறையைக் கண்டேன். இறங்குவதற்குச் சரிவு, என் முழங்கால் விடாது.

"தம்பி, அந்தக் கல்லிலை வச்சுப்போட்டு, சுத்தித் தண்ணி தெளிச்சுவிடும்," என்றேன்.

"ஓம் அன்ரி," என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு இறங்கினான்.

நான்கு விநாடி

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

காவலர் பெண் கேட்டார். தம்பி ஈரக் கையோடு பாறையடியில் நின்றான். நாங்கள் எட்டுப் பேர் மேலே வரிசையாக நின்றோம். எட்டுப் பேருக்கும் குடியுரிமை உண்டு, வீடு உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு. இந்த அபராதம் எங்கள் யாருக்கும் ஒரு தலைவலிக்குக் கூடப் போதாது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எங்கள் டிரைவர் வைத்தது," என்றார். அதே குரல், கறிவேப்பிலைக் குரல்.

ஹேமா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

ஒரு மூன்று, நான்கு விநாடி இருக்கும். அதற்குள் என் மனம் என்ன கணக்கெல்லாம் போட்டது என்று நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல் இருக்கிறது. சனிக்கிழமை வாசிக்கிறவளே அகப்பட்டாள் என்று ஊர் சிரிக்கும். இப்போது வாயைக் கொடுப்பானேன், அபராதம் வந்தால் நான் கட்டிவிடுகிறேன், அதோடு முடிந்தது. இதுதான் என் கணக்கு.

"நான்தான் வைத்தேன். மன்னியுங்கள்," என்றான் தம்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

காவலர் பெண் கத்தவில்லை. சோறும் எண்ணெயும் உப்பும் இந்த மிருகங்களின் தாடையை வீங்கவைத்து அழுகச் செய்யும் என்றார். மனிதரிடம் சாப்பாடு கிடைக்கும் என்று பழகியவை தெருவுக்கு வந்து அடிபடும், அன்று காலையும் ஒன்றைத் தெருவிலிருந்து எடுத்துப் புதைத்தேன் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கோபப்பட அவர் எனக்கு ஒரு இடமும் வைக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

தட்டைப் படம் எடுத்தார். தம்பியின் லைசென்ஸை வாங்கிப் பெயரை எழுதிக்கொண்டார். வீட்டுக்குக் கடிதம் வரும் என்றார்.

வானில் ஏறியதும் தலைவர் பெரிய மனதோடு, "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதையும். சங்கத்தாலை கட்டுவம்," என்றார். தம்பி கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வானை எடுத்தான். அடுத்த ஒன்றரை மணி நேரமும் பாதையை விட்டுக் கண் எடுக்காமல் ஓட்டினான்.

ஒரு பேப்பரில் ஏறிய பெயர்

ஒரு சிற்றூரில் பெற்றோல் அடிக்க நிறுத்தினான். அடித்து முடித்தும் ஆளைக் காணவில்லை. நான் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு தேடிப் போனேன். வானுக்குப் பின்னால் நின்றான். லைசென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தக் காசை நான் கட்டுவன். நீர் ஏன் இப்பிடி..."

"காசு பிரச்சினை இல்லை அன்ரி."

"பேந்து என்ன?"

"என்ர பேர் ஒரு பேப்பரிலை ஏறியிட்டுது."

அப்போதுதான் சொன்னான். அவனைத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடும்போது இந்த நாட்டின் எந்தச் சட்டத்தையும் மீற மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விசா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும், ஏதும் குற்றம் செய்தாயா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். சின்னது பெரியது என்று அவர்கள் எப்படிப் பிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய வக்கீலுக்கும் நிச்சயமாகத் தெரியாதாம்.

"வாகனமே இல்லாத தெருவிலும் சிவப்பு லைற் எண்டால் நிப்பன் அன்ரி. ரெயினிலை கார்ட் தட்டினனானோ எண்டு ரெண்டு தரம் பாப்பன். இவ்வளவு வருசம் ஒரு பேப்பரிலும் என்ர பேர் வராமல் பாத்துக்கொண்டனான். இப்ப ஒரு வடையாலை..."

"அப்ப ஏன் நான்தான் எண்டனீர்?"

"நான்தானே வச்சனான். பொய் சொல்லுறதோ?" கோப்பியை வாங்கினான், குடிக்கவில்லை. "ஆரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றான்.

அதை அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்யவில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னான். இரத்த மாதிரிக் குழாயில் பெயரின் ஒரு எழுத்து மாறினாலும் மேலதிகாரியோடு சண்டை பிடித்தவள், பஸ்ஸில், வங்கியில், கோயில் கூட்டத்தில் எங்கே அநியாயம் கண்டாலும் எழும்பிக் கத்துகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்து எத்தனை வருடம் திமிரோடு திரிந்தேன்! அது தேவைப்பட்ட அந்த நான்கு விநாடி நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவாலை வந்தவர்கள்

மெல்பேர்ண் வந்து இரண்டாம் நாள் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். சோறு என்னுடையது, வைக்கச் சொன்னவள் நான், அவன் சொன்னதைச் செய்தவன், குற்றம் என் பெயரில் எழுதப்பட வேண்டும். அதன் கீழே சாட்சிக்குக் கையெழுத்து வாங்க, நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லியில் வீடு வீடாகப் போனேன்.

முதலில் தலைவர் வீடு. பேரப்பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. கதிரையில் இருத்தினார், தேத்தண்ணி வந்தது. கடிதத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலாலும் கீழாலும் வாசித்தார்.

"யோகம்," என்று என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார். "ஏன் இப்ப வில்லங்கத்தை விலைக்கு வாங்கிறீர்?"

"வில்லங்கத்தை வாங்கினது நான் இல்லை, அந்தத் தம்பி."

"அவை கடலாலை வந்தவை. அவைக்கு இப்பிடி ஆயிரம் பிரச்சினை வரும், போகும். நாங்கள் விசாவோடை கதவாலை வந்தனாங்கள். எங்களுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு."

எனக்குக் கோபம் பொங்கியது. "கதவாலை வந்த உங்கட கறிவேப்பிலையை ஆரின்ர தலையிலை கட்டினனீங்கள்?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்தேன். தேத்தண்ணியைத் தொடவில்லை. நல்ல தேத்தண்ணி, மணந்தது.

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவருக்குத் தூரப் பார்வை மங்கலாம், தட்டு சரியாகத் தெரியவில்லையாம். இன்னொருவர் அந்த நேரம் கழிப்பறையில் இருந்தாராம். அந்த இடத்தில் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் அவர்! ஊரில் யுத்தத்தில் நடந்ததைப் பற்றி உலகமே வாய் மூடி இருந்தது என்று கூட்டம் போட்டு ஆத்திரப்படுகிறவர்கள் நாங்கள். கூட்டத்தில் நானும் முன்வரிசை. ஒரு வடைக்குச் சாட்சி சொல்ல எங்களில் ஆள் இல்லை.

கடைசியில் ஹேமா வீட்டுக்குப் போனேன். நான் பேச்சைத் தொடங்கு முன்பே பேனாவை எடுத்தாள்.

"நான் போடறேன் அக்கா. அன்னிக்கே நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்களையே பாத்துட்டு இருந்தேன்," என்றாள்.

அது எனக்குத் தேவையான அடி. வாங்கிக்கொண்டு வந்தேன்.

தட்டு சொன்னது

வழக்கு இலக்கம் தெரியாமல் என் கடிதம் மேசையிலேயே கிடந்தது. மூன்று கிழமை கழித்துத் தம்பி வந்தான். பூங்கா அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் குசினி மேசையில் வைத்தான். அவன் பெயர், அவன் விலாசம், குற்றத்தின் விபரம், இரண்டாம் பக்கத்தில் காவலர் எடுத்த படம்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பாறை, அதில் தட்டு, பாதிச் சோறு, பூசணிக்காய். தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பூ வேலை. எனக்கு அது என்ன என்று தெரியும்.

எங்கள் வீடுகளில் பெண்ணுக்குச் சீதனமாகப் பாத்திரம் கொடுக்கும்போது பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். விசேஷ வீடுகளுக்கு இரவல் போகும் பாத்திரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. என் அம்மா கரண்டியைக் கூட விடவில்லை. எனக்கு அந்த வயதிலேயே அது எரிச்சல், பாத்திரத்தோடு சேர்த்து என்னையும் வெட்டிக் கொடுக்கிறார்களே என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். அந்தத் தட்டுகளில் ஒன்றுதான் தென்கோடி வரை வந்தது.

யோகராணி. நான்கு புள்ளி எழுத்து வரிசையில் கொஞ்சம் சோற்றுக்குள் மறைந்து, மிச்சம் தெளிவாகத் தெரிந்தது.

யார் வைத்தது என்று அந்தப் பெண் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. தட்டு என் பெயரைக் காட்டிக்கொண்டு பாறையில் கிடந்தது. அங்கே நின்ற தமிழர் ஒன்பது பேருக்கும் அதை வாசிக்கத் தெரியும்.

தட்டைக் கழுவித் துடைத்து, முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து, எழுத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, என் கடவுச்சீட்டுப் பிரதியோடும் ஹேமா கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தோடும் அனுப்பினேன். சில நாளில் அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"நீங்கள்தான் உணவு வைத்தீர்கள் என்கிறீர்களா?"

"என் சோறு, என் தட்டு, என் கணவர். வைத்தது மட்டும் அவர் கை."

"அப்படியானால் அபராதம் உங்களுக்கு வரும், அம்மா."

"அதைத்தான் கேட்கிறேன்," என்றேன்.

இன்னும் ஒரு படிவம், இன்னும் ஒரு கையெழுத்து. கடைசியில் தம்பியின் பெயரில் எழுதியது ரத்தாகி, என் பெயரில் புதிதாக ஒன்று வந்தது. ரத்துக் கடிதத்தை அவன் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அதிலும் அவன் பெயர் இருந்தது. "இதை வச்சிருக்கிறதோ அன்ரி, கிழிக்கிறதோ?" என்று கேட்டான். வைத்திரும் என்றேன். சரியாகச் சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு சோற்றுத் தட்டு யாருடையது என்று இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துத் தீர்ப்புச் சொல்ல இந்த நாட்டால் முடிகிறது. ஒரு மனிதன் இங்கே இருக்கலாமா, கூடாதா என்று சொல்லப் பத்து வருடத்துக்கு மேலும் முடியவில்லை. அந்த மகள் பள்ளிக்கூடம் முடிக்க முதல் ஒரு பதில் வருமா? இதைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை. எல்லாக் கூட்டத்திலும் கேட்பேன்.

செய்திகள், வாசிப்பது

அந்தக் கிழமைச் சனிக்கிழமை வானொலிக்குப் போனேன். தேத்தண்ணி வழக்கம்போல் ஆறியிருந்தது. கடல் கொந்தளிப்பால் கப்பல் தாமதம் என்று வாசித்தேன். மலைப்பாதை ஒன்றில் பாலம் திருத்த வேலை என்று வாசித்தேன். பிறகு நான் வீட்டில் எழுதிக்கொண்டு போன தாளை எடுத்தேன்.

"தஸ்மானியாவின் தென்கோடிக் காட்டில் கானுயிர்களுக்கு உணவு வைத்த மெல்பேர்ண் தமிழ்ப் பெண் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது. படையல் என்றாலும் அது மிருகத்தின் வாய்க்குள் போனால் உணவுதான், அதன் தாடை அழுகிப்போகும் என்று அறிவிக்கப்படுகிறது. சோற்றைச் சமைத்தவரும், வைக்கச் சொன்னவரும், கேட்டபோது வாய் திறக்காமல் நின்றவரும் கிளென் வேவர்லியைச் சேர்ந்த யோகராணி தம்பிராசா, வயது அறுபத்தொன்பது. செய்திகள் வாசித்தவரும் அவரே."

ஒலிவாங்கியை மூடியதும் என் போன் அடித்தது. தலைவர். சங்கத்தின் பெயரைக் கெடுத்துப்போட்டேனாம். "சங்கத்தின்ர பேரை நான் சொல்லவே இல்லையே," என்றேன். அடுத்த கிழமை சொல்லலாமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடி அடித்தது. இந்த முறை தம்பி. வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் இருந்து பேசினான், பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"அன்ரி, வேலையிலை நிண்டு கேட்டனான்."

"என்ன, பிழையா ஏதும் வாசிச்சிட்டனோ?"

"இல்லை, இல்லை. என்ர பேர் வரேல்லை."

"வராது தம்பி," என்றேன்.

இங்கேயும் எழுதவில்லை. அச்சுக்கு அனுப்பு முதல் முழுவதையும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன்.